அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்துவிட்டால் வரி, விலைவாசி, குடியேற்றம் ஆகியவற்றோடு போரும் மேடை ஏறிவிடும். துருப்புகளை அனுப்புவதா, திரும்ப அழைப்பதா, நட்பு நாட்டுக்கு ஆயுதம் கொடுப்பதா என்று வேட்பாளர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை எப்படி எடைபோடுவது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, நடந்து முடிந்த தேர்தல்களை வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சில இடங்களில் என் கருத்தும் கலந்திருக்கும்.

போரை அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம்தானே இருக்கிறது? பிறகு ஏன் அதிபர் வேட்பாளரைக் குடைகிறார்கள்?

ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் போரை அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கும், படைகளின் தலைமைத் தளபதி என்ற பொறுப்பை அதிபருக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூன் மாதத்தில். பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய மூன்று நாடுகளின் மீது. அதன் பிறகு கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் என்று எத்தனையோ போர்கள் நடந்தும் ஒன்றுக்குக்கூடப் போர் அறிவிப்பு வெளியாகவில்லை. கொரியாவுக்குப் படை அனுப்ப அதிபர் ட்ரூமன் காங்கிரஸின் அனுமதியைக் கேட்கவே இல்லை. மற்ற மூன்றுக்கும் படைபலத்தைப் பயன்படுத்த ஒப்புதல் தரும் தீர்மானங்களோடு காரியம் முடிந்துவிட்டது.

1973இல் காங்கிரஸ் விழித்துக்கொண்டு, அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறிப் போர் அதிகாரத் தீர்மானத்தை நிறைவேற்றியது. படைகளைச் சண்டையில் இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாட்களில் நிறுத்த வேண்டும். விலக்கிக்கொள்ள மேலும் 30 நாட்கள் உண்டு. 2011இல் லிபியாவில் அந்தக் கெடு தாண்டியபோது, நடப்பது அந்தத் தீர்மானம் சொல்லும் அளவுக்கான சண்டையே அல்ல என்று ஒபாமா அரசு வாதாடியது. வானிலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் அது. நடைமுறையில் போரைத் தொடங்கும் சாவி அதிபரின் கையில் இருக்கிறது என்பதால்தான் கேள்வியும் அவரை நோக்கியே போகிறது.

போர் நடக்கும்போது தேர்தலைத் தள்ளிவைக்க முடியாதா?

அதிபரால் முடியாது. தேர்தல் நாளை நிர்ணயிப்பது காங்கிரஸ் இயற்றிய சட்டம். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864இலேயே தேர்தல் நடந்தது. அந்த ஆண்டு கோடையில் அரசுத் தரப்புத் தளபதி கிராண்டின் படை பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வெளியே முடங்கிக் கிடந்தது. உயிர்ப்பலி மலைபோல் குவிந்தது. தான் தோற்பது உறுதி என்றே அதிபர் லிங்கன் நினைத்தார். ஆகஸ்ட் 23 அன்று ஒரு தாளில் சில வரிகள் எழுதி, மடித்து ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே அமைச்சர்களிடம் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். இந்த அரசு மீண்டும் வருவது ஐயமே. அப்படியானால் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் பதவியேற்பதற்குள் அவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பது என் கடமை என்பது அதன் சாரம்.

அந்த மாதக் கடைசியில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி, போர் தோல்வி என்றும் சண்டையை நிறுத்த வேண்டும் என்றும் அறிக்கை வெளியிட்டது. வேட்பாளராக நிறுத்தியதோ முன்னாள் தளபதி மெக்கிளெல்லனை! தன் கீழ் போரிட்ட வீரர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் அந்த அறிக்கையை ஏற்க மறுத்தார். கட்சி ஒரு பக்கமும் வேட்பாளர் மறுபக்கமும் இழுத்துக்கொண்டிருந்தபோதே, செப்டம்பர் 2 அன்று எதிரிகளின் அட்லாண்டா நகரம் லிங்கனின் தளபதி ஷெர்மனிடம் வீழ்ந்தது. நவம்பரில் லிங்கனுக்கு 212 தேர்வாளர் வாக்குகள் (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்களின் வாக்குகள்), மெக்கிளெல்லனுக்கு 21. தங்கள் பழைய தளபதியை விட்டுவிட்டுப் படைவீரர்களில் மிகப் பெரும்பாலோர் லிங்கனுக்கு வாக்களித்தார்கள்.

போர்க்காலத்தில் அதிபரை விமர்சிப்பது எதிரிக்கு உதவுவது ஆகாதா?

பதவியில் இருப்பவர் எப்போதும் சொல்லும் வாதம் இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போரைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாத தேர்தலில் வாக்காளர் எதைத்தான் தீர்மானிப்பது?

ஆனால் விமர்சனம் வேறு, ரகசியத்தை உடைப்பது வேறு. 1944இல் அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட தாமஸ் டூயி, ஜப்பானின் சங்கேதக் குறியீடு ஒன்றைப் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே அமெரிக்கா உடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். முன்கூட்டியே தெரிந்தும் கோட்டை விட்டார்கள் என்று மேடையில் போட்டு உடைத்தால் ரூஸ்வெல்ட்டின் கதை கந்தலாகியிருக்கும். தரைப்படைத் தலைவர் ஜார்ஜ் மார்ஷல் செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதி, சாதாரண உடையணிந்த ராணுவ அதிகாரி ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். ஓக்லஹோமாவின் டல்சா நகரில் பிரசாரத்தில் இருந்த டூயி உறையைப் பிரித்தார். 'ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டால் மட்டும் மேலே படியுங்கள்' என்று தொடக்கத்திலேயே இருந்ததைக் கண்டு, வாயைக் கட்டும் ஏற்பாடு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சில நாட்கள் கழித்து ஆல்பனியில் மறுபடியும் கடிதம் வந்தது. ஜப்பான் இன்னும் அதே வகைக் குறியீட்டைத்தான் பயன்படுத்துகிறது, வெளியே தெரிந்தால் கடலில் நம் ஆட்கள் சாவார்கள் என்று மார்ஷல் விளக்கியிருந்தார். டூயி கடைசிவரை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தேர்தலில் தோற்றார். இத்தனைக்கும் இடையில் ரூஸ்வெல்ட்டின் ஆட்சித் திறமையைக் கடுமையாகத் தாக்கிப் பேசுவதை அவர் நிறுத்தவும் இல்லை.

'போருக்கு அனுப்ப மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றினார்களா?

பெரும்பாலும் இல்லை. 1916இல் அதிபர் வில்சனின் ஆதரவாளர்கள் 'நம்மைப் போருக்கு வெளியே வைத்திருந்தார்' என்று முழங்கினார்கள். 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. முழக்கத்தைக் கவனித்தால் அது கடந்த காலத்தைப் பற்றியது என்பது தெரியும். இனியும் வைத்திருப்பார் என்று அதில் இல்லை. வில்சனுக்கே அந்த முழக்கம் உறுத்தியது.

1940 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில் ரூஸ்வெல்ட், உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதாகவே சொன்னார். கட்டாய ராணுவச் சேவைக்கான முதல் குலுக்கல் நடந்த மறுநாள் அது; தாய்மார்களின் வயிறு கலங்கியிருந்த நேரம். அவருடைய கட்சி அறிக்கையில் 'நாம் தாக்கப்பட்டாலன்றி' என்று ஒரு தொடர் இருந்தது. பாஸ்டன் பேச்சில் அதை அவர் விட்டுவிட்டார். நாம் தாக்கப்பட்டால் பிறகு அது அந்நியப் போர் ஆகாதே என்பது உதவியாளர்களிடம் அவர் சொன்ன சமாதானம்.

1964 தான் என் பார்வையில் மிக மோசமானது. ஆகஸ்டில் வட வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி, அதிபர் ஜான்சன் காங்கிரஸிடம் தீர்மானம் பெற்றார். பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு தெளிவானது. செப்டம்பர் 7 அன்று அவருடைய பிரசாரக் குழு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணிப் பிய்க்கிறாள்; அவள் குரல் ஓய்ந்ததும் ஓர் ஆணின் குரல் தலைகீழாக எண்ணுகிறது; கேமரா அவள் கண்ணுக்குள் நெருங்க, திரை முழுவதும் அணுகுண்டு வெடிக்கிறது. எதிர்வேட்பாளர் கோல்ட்வாட்டர் வந்தால் அணுப்போர்தான் என்பது குறிப்பு; அவர் பெயரே அதில் இல்லை. கட்டணம் கட்டி ஒளிபரப்பியது ஒரே ஒரு முறை. அக்டோபரில் ஆக்ரன் நகரில் ஜான்சன், ஆசியப் பையன்கள் தாங்களே செய்ய வேண்டியதைச் செய்ய நம் பையன்களை ஒன்பது பத்தாயிரம் மைல் அனுப்பப்போவதில்லை என்றார். 1965 மார்ச்சில் கடற்படைக் காலாட்படையினர் தென் வியட்நாமின் டா நாங் கரையில் இறங்கினார்கள்.

2000இல் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சி விவாதத்தில், நாம் அடக்கமான நாடாக நடந்துகொள்ள வேண்டும், பிற நாடுகளைக் கட்டியெழுப்பும் வேலைக்குப் படைகளை அனுப்பக் கூடாது என்றார். ஆப்கானிஸ்தானும் இராக்கும் அதன் பிறகு வந்தவை.

அப்படியானால் எல்லோருமே பொய்யர்களா?

ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. புஷ் 2000இல் சொன்னதை நம்பித்தான் சொல்லியிருப்பார். செப்டம்பர் 11 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ரூஸ்வெல்ட் ஒரு நிபந்தனையை விழுங்கினார். ஜான்சன் நிலை வேறு: வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே போரை விரிவாக்கும் திட்டங்கள் அவருடைய அதிகாரிகளின் மேசையில் இருந்தன. 1971இல் வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்கள் வெளியானபோது இந்தக் குட்டு உடைந்தது. சூழ்நிலை மாறியதால் வாக்குத் தவறுவதையும், தவறப்போவது தெரிந்தே வாக்குக் கொடுப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சொன்னதைச் செய்தவர் ஒருவரும் இல்லையா?

ஐசன்ஹோவர். 1952 அக்டோபர் 24 அன்று டெட்ராய்ட்டில், 'நான் கொரியாவுக்குப் போவேன்' என்றார். வென்றார், டிசம்பர் தொடக்கத்தில் போனார், மூன்று நாள் இருந்து திரும்பினார். போரை நிறுத்துவேன் என்றோ வெல்வேன் என்றோ எந்தக் கெடுவையும் அவர் கொடுக்கவில்லை. கொடுத்த வாக்கு ஒரு பயணம் மட்டுமே. ஐரோப்பாவில் வெற்றி கண்ட தளபதி நேரில் போகிறார் என்பதே வாக்காளருக்குப் போதுமானதாக இருந்தது. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. அதற்கு இடையில் மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததும் ஒரு காரணம். அதை எந்தப் பிரசார மேடையும் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

வேட்பாளர் போரைப் பற்றிப் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நான் நிபந்தனையைத் தேடுவேன். எது நடந்தால் படை போகும், எது நடக்காவிட்டால் திரும்பும் என்பதை வேட்பாளர் சொல்கிறாரா? மேலே பார்த்த வாக்குகள் எல்லாம் கவிழ்ந்தது நிபந்தனை இருந்த இடத்தில்தான். சிக்கல் என்னவென்றால், பிரசாரம் முதலில் வெட்டி எறிவதும் நிபந்தனையைத்தான்.

2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரின் டெரி நகரில் ஒருவர், குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்னிடம் இராக்கைப் பற்றிக் கேட்டார்: நாம் அங்கே ஐம்பது ஆண்டு இருக்கலாம் என்கிறாரே புஷ்? அவர் முடிக்கும் முன்பே மெக்கெய்ன், நூறு ஆண்டுகூட இருக்கட்டுமே என்றார். அமெரிக்கர்கள் காயப்படாமலும் கொல்லப்படாமலும் இருக்கும்வரை, ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இருப்பதுபோல, என்று தொடர்ந்தார். ஊர் ஊராகப் போனது 'நூறு ஆண்டு' மட்டும்தான். நூறு ஆண்டு போர் நடத்தப்போகிறார் என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். மெக்கெய்னின் இராக் கொள்கையில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது அது அல்ல.

நிபந்தனைக்கு அடுத்தது பணம். போருக்கான செலவு கடனா, வரியா என்று சொல்பவர்கள் அரிது. அதற்கும் அடுத்து, எதிரி நீங்கள் நினைத்தபடி நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. உக்ரைன் போரை 24 மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று 2024 பிரசாரத்தில் டிரம்ப் பலமுறை சொன்னார். முடிவது மாஸ்கோவின் சம்மதத்தைப் பொறுத்தது. அந்த 24 மணி நேரக் கணக்கில் மாஸ்கோவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது?

காங்கிரஸின் மேலவையான செனட்டின் உறுப்பினர்கள் ஏன் இந்த விஷயத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்?

அவர்கள் அளித்த ஒவ்வொரு வாக்கும் பதிவேட்டில் இருக்கிறது. 2002 அக்டோபரில் இராக் மீது படைபலத்தைப் பயன்படுத்தும் தீர்மானத்துக்கு, 2004இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஜான் கெர்ரி ஆதரவாக வாக்களித்தார். 2003இல் இராக், ஆப்கானிஸ்தான் செலவுக்காக 87 பில்லியன் டாலர் கேட்கப்பட்டது. பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிக்குறைப்பில் ஒரு பகுதியை ரத்து செய்து அந்தப் பணத்தைத் திரட்டலாம் என்ற திருத்தத்தை ஆதரித்தார்; அது தோற்றதும் மூல மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் 2004 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியாவில் அதை விளக்கும்போது, 'அந்த 87 பில்லியனுக்கு எதிராக வாக்களிப்பதற்கு முன் நான் ஆதரவாகத்தான் வாக்களித்தேன்' என்று சொல்லிவிட்டார். புஷ் தரப்புக்கு வேறென்ன வேண்டும்? அந்த ஒரு வரியை விளம்பரமாக்கி, காற்றடிக்கும் பக்கம் சாய்பவர் என்ற முத்திரையைக் குத்தினார்கள்.

அதே 2002 தீர்மானத்தை ஆதரித்ததால் 2008இல் கட்சியின் வேட்பாளராக ஒபாமாவோடு போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனும் அடிபட்டார். தீர்மானம் வந்தபோது ஒபாமா செனட்டில் இல்லை; இல்லினாய் மாநில அவை உறுப்பினர். 2002 அக்டோபரில் சிகாகோவில் நடந்த கூட்டத்தில் இராக் போரை எதிர்த்துப் பேசியதோடு சரி. அந்தப் பேச்சு ஆறு ஆண்டு கழித்து வட்டியோடு திரும்பி வந்தது.

வேட்பாளர்களுக்கு ரகசியத் தகவல்கள் தரப்படுமா?

தரப்படும். 1952இல் ட்ரூமன் தொடங்கிய வழக்கம் இது. பதவியில் இருக்கும் அதிபரின் விருப்பத்தைப் பொறுத்தது. இதனால் வினோதமான நிலைமைகள் வருவதுண்டு. 1960இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கென்னடி, கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை எதிர்க்கும் கியூபர்களுக்கு உதவ வேண்டும் என்று அறிக்கை விட்டார். எதிர்வேட்பாளரான துணை அதிபர் நிக்சனுக்கோ உளவு அமைப்பான சி.ஐ.ஏ. ஏற்கெனவே அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது தெரியும். அவரும் அந்தத் திட்டத்தின் ஆதரவாளர். ரகசியத்தைக் காக்க, அக்டோபர் 21 விவாதத்தில் கென்னடியின் யோசனை ஆபத்தானது என்று தன் சொந்தக் கருத்துக்கு எதிராகவே வாதாடினார். அடுத்த ஏப்ரலில் கென்னடியின் ஆட்சியில் அதே திட்டம் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் மண்ணைக் கவ்வியது.

1968இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் வியட்நாம் சமாதானப் பேச்சைக் கெடுத்தார் என்பது உண்மையா?

கெடுக்க முயன்றார் என்பதற்குச் சான்று இருக்கிறது. அக்டோபர் 31 அன்று ஜான்சன் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்ததும், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹம்ஃப்ரி வேகமாக முன்னேறினார். நவம்பர் 2 அன்று தென் வியட்நாம் அதிபர் தியூ, பாரிஸ் பேச்சுக்கு வர மாட்டோம் என்றார். நிக்சனின் ஆதரவாளரான ஆனா செனால்ட் தென் வியட்நாம் தூதரகத்தோடு தொடர்பில் இருந்ததை ஜான்சன் ஒட்டுக்கேட்பு மூலம் அறிந்திருந்தார். தொலைபேசியில் குடியரசுக் கட்சித் தலைவர் ஒருவரிடம் 'இது தேசத் துரோகம்' என்று குமுறினார். ஆனால் ஒட்டுக்கேட்டதை வெளியே சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டார். நிக்சன் கடைசிவரை மறுத்தார். அவருடைய உதவியாளர் ஹால்டிமனின் குறிப்புகளில், செனால்ட் தென் வியட்நாம் தரப்போடு தொடர்ந்து செயல்பட வேண்டும், பேச்சுக்கு முட்டுக்கட்டை போட வேறு வழி உண்டா பார்க்க வேண்டும் என்று நிக்சன் சொன்னது பதிவாகியிருப்பது மிகப் பின்னரே வெளியே வந்தது. வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து லட்சம், ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நிக்சன் தலையிடாவிட்டால் தியூ வந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. வராமலிருக்க அவருக்குச் சொந்தக் காரணங்களும் இருந்தன.

போரில் வென்ற அதிபர் தேர்தலிலும் வெல்வாரா?

கட்டாயமில்லை. 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது அதிபராக இருந்த மூத்த புஷ்ஷுக்கு (மேலே பார்த்த புஷ்ஷின் தந்தை) இருந்த ஆதரவு 89 சதவீதம். அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் பெற்ற வாக்கு 37 சதவீதத்துக்குச் சற்று மேல். இடையில் பொருளாதாரம் படுத்துவிட்டது.

தேர்தல் முடிந்து பதவியேற்கும் வரை போரை நடத்துவது யார்?

ஜனவரி 20 நண்பகல் வரை பழைய அதிபர்தான். இந்த இடைவெளியில் பெரிய முடிவுகள் நடந்திருக்கின்றன. 2008 பிரசாரம் முழுவதும் இராக்கிலிருந்து வெளியேறத் தேதி குறிக்கலாமா என்ற சண்டை ஓயவில்லை. ஒபாமா 16 மாதம் என்றார், மெக்கெய்ன் தேதி குறிப்பதே தவறு என்றார். தேர்தல் முடிந்த இரண்டு வாரத்துக்குள் புஷ் அரசே இராக்கோடு ஒப்பந்தம் போட்டு, 2011 முடிவுக்குள் எல்லாத் துருப்புகளும் வெளியேறும் என்று தேதி குறித்துவிட்டது.

1992இல் தோற்றுப்போன மூத்த புஷ், டிசம்பரில் பஞ்ச நிவாரணத்துக்குப் பாதுகாப்பாகச் சோமாலியாவுக்குப் படை அனுப்பினார். அடுத்த மாதம் கிளின்டன் பதவியேற்றபோது அந்தப் படையும் சேர்ந்தே அவர் கைக்கு வந்தது. 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் இரண்டு நாள் நடந்த சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். 1994 மார்ச் முடிவுக்குள் படை வெளியேறும் என்று கிளின்டன் அறிவித்தார். அந்தத் தேதி காப்பாற்றப்பட்டது.